பால் பவுடருக்கு அடியில்

ஜெயினுலாப்தீனின் வலது கட்டைவிரல் நகம் மட்டும் எப்போதும் வளர்ந்திருக்கும். வெள்ளிக்கிழமை தோறும் மற்ற விரல்களை ஒட்ட வெட்டிவிட்டு அதை மட்டும் விட்டுவிடுவான். சார்ஜாவில் வேலை பார்த்த காலத்தில் தொற்றிய பழக்கம் அது. லேபிள் உரிக்க அதைப்போல ஒரு ஆயுதம் கிடையாது என்பான்.

லீவில் ஊருக்குப் போகிறவர்கள் எல்லாம் அவன் அறைக்கு வந்துதான் பெட்டி கட்டுவார்கள். புதுச் சட்டையைத் துவைத்துக் கசக்கி ஒருமுறை போடச் சொல்வான். செல்போன் வந்த அட்டைப்பெட்டியைத் தட்டையாக மடித்து வேறொருவன் சாமானுக்குள் செருகுவான். விலைச்சீட்டு, பெயர்ச்சீட்டு எதுவும் மிஞ்சாது. கடிகாரமோ வளையலோ என்றால் பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பால் பவுடர் டப்பாவுக்குள் இறக்கி, மேலே பவுடரைத் தூவி மூடிவிடுவான். சபுராளி, அதாவது கடல் கடந்து பிழைக்கப் போனவன், வீட்டுக்குப் பால் பவுடர் கொண்டு போவது உலக வழக்கம். அதைப் போய் எவன் தோண்டப் போகிறான்? கஸ்டம்ஸ்காரன் கண்ணுக்கு எந்தச் சாமானும் புதிதாகவும் தெரியக் கூடாது, பெயரோடும் தெரியக் கூடாது. அவன் படித்த ஒரே படிப்பு இதுதான். அதில் அவன் பெயிலானதே இல்லை.

சார்ஜாவை விட்டு வந்து தாராவியில் பை தைக்கும் பட்டறை போட்ட பிறகும் நகத்தை அவன் வெட்டவில்லை. பெருமையும் ஒரு நகம்தானே, தானாக உதிராது.

அவன் மகள் உமைராவுக்கு மூன்று வயது. பிறவியிலேயே உடம்பில் ஒரு கோளாறு. நமக்கெல்லாம் சத்து என்று சொல்கிற புரதம் அவளுக்கு நஞ்சு. பால், தயிர், முட்டை, பருப்பு என்று எதையும் நினைத்தபடி கொடுத்துவிட முடியாது. டாக்டரம்மா சொன்ன அளவுக்குக் கொஞ்சம் சோறு, கொஞ்சம் பழம். மற்றபடி அவள் வளர்வதும் ஓடுவதும், அவளுக்கு ஆகாததை நீக்கிச் செய்த ஒரு பவுடரால்தான். அந்தப் பவுடர் இந்தியாவில் கிடைப்பதில்லை. வெளிநாட்டு இணையக் கடையில் ஆர்டர் போட்டுத்தான் வரவழைக்க வேண்டும். அது இல்லாவிட்டாலும் ஆபத்து, புரதம் கூடினாலும் ஆபத்து. ஆபத்து வருகிறபோது பிள்ளையின் மூத்திரத்தில் கருகிய சர்க்கரைப் பாகு வாசம் அடிக்கும். அவன் மனைவி சாதியா தினமும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் பிள்ளையின் ஈரத் துணியை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்ப்பாள். பார்த்து முடித்த பிறகுதான் அவளுக்குப் பல் துலக்கவே தோன்றும்.

முதல் தடவை ஆர்டர் போட்டபோது பார்சல் கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டது. யாருக்கு, எதற்கு, ஆதார் எங்கே, டாக்டர் சீட்டு எங்கே என்று மெயிலுக்கு மேல் மெயில். கடைசியில் விலையில் ஏறக்குறையப் பாதியைச் சுங்க டூட்டியாகக் கட்டி எடுத்தார்கள். கடன் வாங்கிக் கட்டியதுகூட அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இங்கே டப்பா தீர்ந்துகொண்டு வர, அங்கே பார்சல் ஏதோ ஒரு கிடங்கில் சும்மா கிடந்த நாட்களைத்தான் அவனால் மறக்க முடியவில்லை. அந்த நாட்களில் பட்டறையில் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டதுகூட அவனுக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

இரண்டாவது ஆர்டருக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு சான்றிதழைக் கொடுத்தாள். இந்த மாதிரி அபூர்வ நோய்ப் பிள்ளைகளின் உணவுக்கு அரசாங்கம் டூட்டியைத் தள்ளுபடி செய்துவிட்டது, இதைக் காட்டினால் ஒரு பைசா கட்ட வேண்டாம் என்றாள். சாதியா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் துணிகளுக்கு மேல் வைத்தாள்.

ஜெயினுலாப்தீன் சிரித்தான்.

"கவர்மெண்ட் சும்மா விடுமாக்கும். காகிதத்துல விடும், கவுண்டர்ல புடிக்கும். மருந்துன்னு ஒரு சொல்லு கண்ணுல பட்டா போதும், மறுபடியும் கெடப்புல போட்டுருவான்."

"அந்த அம்மா பொய்யா சொல்லுவாவ?" என்றாள் சாதியா. "இதை அனுப்பித்தான் பாப்பமே, உமைரா வாப்பா. முலுண்ட்ல ஒரு அக்காக்கு இப்படித்தான் வருதாம். இந்த நோவுப் பிள்ளைங்க தாய்மாரு குரூப்ல போட்டிருந்தாவ."

"அவுங்க ஆபீஸ்காரங்க. அவுங்களுக்கு வரும். எனக்குக் கஸ்டம்ஸைத் தெரியும், நீ பேசாம இரு."

அவள் பேசாமல் இருந்தாள். அதற்காக இன்று வரை தன்னைத்தானே வைதுகொண்டிருக்கிறாள்.

அவன் போட்ட திட்டம் இது. ஆர்டரைச் சார்ஜாவில் இருக்கும் சாதியாவின் தம்பி வாசிம் முகவரிக்குப் போட்டான். அடுத்த சந்துக்காரன் இசக்கிதுரை அங்கே டிரைவர். லீவில் வரப் போகிறான். அவன் பெட்டியில் சாமான் வந்துவிடும். இதுவரை சரி. டப்பாக்களை லேபிளோடு அப்படியே பெட்டியில் வைத்து, சான்றிதழின் படத்தை இசக்கிதுரையின் போனுக்கு அனுப்பியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் வாத்தியாருக்கு வித்தையைக் காட்டாமல் இருக்க முடியுமா?

"வாசிம், நல்லாக் கேட்டுக்க," என்று போனில் சொன்னான். "அந்த டப்பாவையெல்லாம் அங்கயே தூரப் போடு. பவுடரைப் பிளாஸ்டிக் கவர்ல கொட்டி இறுக்கிக் கட்டு. சாதாப் பால் பவுடர் டப்பா வாங்கி, அதுக்குள்ள எறக்கு. மேல பால் பவுடரைத் தூவி மூடிரு."

"மச்சான், பால்தான் பிள்ளைக்கு ஆகாதே," என்றான் வாசிம்.

"கவருக்குள்ள எப்பிடில போவும்? எத்தனை கடியாரம் அனுப்பியிருக்கேன், ஒண்ணுலயாவது தூசி பட்டிருக்கா?"

வாசிம் சொன்னபடி செய்தான். மச்சான் சொல்லைத் தட்டாத பையன். அதுவும் ஒரு கேடு.

இசக்கிதுரை வந்து சேர்ந்த அன்று உமைராவுக்குக் காலையிலிருந்தே உடம்பு சுட்டது. வீட்டில் இருந்த டப்பாவில் அடிப்பவுடர்தான் மிச்சம். பார்சல் வரும் வரை இழுக்கட்டும் என்று சாதியா நாலைந்து நாளாகக் கரண்டியைத் தலை தட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆகவே இசக்கிதுரை பையோடு படியேறி வந்தபோது ஜெயினுலாப்தீனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பாய், ஒங்க பேக்கிங் பேக்கிங்தான்," என்றான் இசக்கிதுரை, உட்காருவதற்கு முன்பே. "ஏர்போர்ட்ல பெட்டியை ஓரமா எடுத்து வச்சுட்டான். ஸ்கேன்ல டப்பாவுக்குள்ள உருண்டையா என்னமோ தெரியுதுன்னான்."

"பொறவு?"

"தங்கம்னு நெனச்சுட்டான் பாய். நீளமா ஒரு கம்பியைக் கொண்டாந்து டப்பா டப்பாவா உள்ள விட்டுக் குத்திப் பாத்தான். ஒண்ணும் தட்டல. கையில நக்கிப் பாத்தான், பால் பவுடர். சரி, போன்னுட்டான். ஒரு பைசா டூட்டி கெடையாது."

இசக்கிதுரை சிரித்தான். ஜெயினுலாப்தீனும் பாதி வரை சிரித்தான். கம்பி என்ற சொல் அதற்குப் பிறகுதான் அவனுக்குள் இறங்கியது.

முதல் டப்பாவைத் திறந்தான். மேலே மஞ்சள் தட்டிய பால் பவுடர். கையை விட்டுக் கவரைப் பிடித்துத் தூக்கினான். கவர் தொளதொளவென்று வந்தது. பக்கத்தில் நாலைந்து ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் வெள்ளைப் பவுடர் கோடு போட்டு இறங்கியது. உள்ளே பார்த்தான். வெள்ளையும் மஞ்சளும் கலந்து கிடந்தன. ஏர்போர்ட்டிலிருந்து இங்கே வரை டாக்சியில் குலுங்கிக்கொண்டு வந்த பவுடர், கலக்காமல் என்ன செய்யும்? அடுத்த டப்பாவும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. அந்த அதிகாரி தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தான், ஒரு டப்பாவைக்கூட விடவில்லை.

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவன் கதையை எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். கொளுத்தியவன் முகத்தை யாரும் பார்த்ததில்லை. இசக்கிதுரை அன்றைக்குப் பார்த்தான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஜெயினுலாப்தீன் ஒரு கவரை வகுந்து, நடுவிலிருந்து கரண்டியால் மெதுவாக அள்ளினான்.

"நடுவுல சுத்தமாத்தான் இருக்கு. பாரு சாதியா. வெள்ளையாத்தான் இருக்கு."

சாதியா கரண்டியைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள்.

"இதுல பால் கலக்கலைன்னு ஒங்களால சொல்ல முடியுமா?"

"கொஞ்சம் போல..."

"அல்லா மேல ஆணையாச் சொல்லுங்க. சொன்னா இப்பவே கரைச்சுக் குடுக்குதேன்."

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். சாதியா டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரியாததை ஒரு கரண்டிகூடக் கொடுக்கக் கூடாது, காய்ச்சல் வேறு இருக்கிறது, நல்ல பவுடர் உடனே வேண்டும் என்றாள் அந்த அம்மா. ஆஸ்பத்திரியிலும் இப்போது அந்தப் பவுடர் இல்லையாம். புதிதாக ஆர்டர் போட்டால், சான்றிதழோடு போட்டாலும், விமானத்தில் வந்து சேர ஒரு வாரமாவது ஆகும். ஒரு வாரம் உமைராவிடம் இல்லை.

"முலுண்ட் அக்காவைக் கேளு," என்றான். ஆபீஸ்காரங்க என்று அவன் சொன்ன அதே அக்கா. சாதியா அதை நினைவுபடுத்தவில்லை. குத்திக் காட்டுவதற்குக்கூட மனதில் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

அக்கா வரச் சொல்லிவிட்டாள். ஜெயினுலாப்தீன் சயான் ஸ்டேஷனுக்கு ஓடினான். ரயிலில் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. குர்லாவில் ஏறிய கூட்டம் அவனைக் கதவோரம் நெருக்கியது. அப்படியே வெளியே தள்ளிவிட்டால்கூட நல்லது என்று ஒரு நொடி தோன்றியது. அடுத்த நொடி, அப்புறம் டப்பாவை யார் கொண்டு போவார்கள் என்று கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

முலுண்ட் அக்காவின் பெயர் விஜயலட்சுமி. வேலையிலிருந்து பாதியில் வந்திருந்தாள்; கழுத்தில் ஆபீஸ் அட்டை இன்னும் தொங்கியது. அவள் மகன் நகுல் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தான். உமைராவுக்கு உள்ள அதே கோளாறுதான் அவனுக்கும்; ஒன்பது, பத்து வயதிருக்கும். உமைராவும் இப்படி வளர்ந்து உட்கார்ந்து படம் வரைவாள் என்று அதுவரை ஜெயினுலாப்தீன் நினைத்துப் பார்த்ததே இல்லை. கண் நிறைந்துவிட்டது.

அவள் அலமாரியைத் திறந்தாள். டப்பாக்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் பெயர், எழுத்து, நீல நிற லேபிள். அந்த லேபிளைத்தான் அங்கேயே தூரப் போடச் சொல்லியிருந்தான்.

"உங்களுக்கு என்ன ஆச்சு, பார்சல் வரலையா? கஸ்டம்ஸ்ல பிடிச்சுட்டாங்களா?" என்றாள்.

"இல்லக்கா. விட்டுட்டாங்க."

"பின்ன?"

அவன் சொன்னான். முதலிலிருந்து சொல்ல வாய் வரவில்லை, கம்பியிலிருந்து சொன்னான். அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

"சர்டிபிகேட் இல்லையா உங்ககிட்ட? அது இருந்தா டூட்டியே கிடையாதே. நாங்க அதை ஸ்கேன் பண்ணி அனுப்பிடறோம், நேரா வீட்டுக்கு வந்துடுது. எதுக்காக ஒளிச்சீங்க?"

"இருக்குக்கா. பீரோவுல இருக்கு."

விஜயலட்சுமி சீல் உடைக்காத ஒரு டப்பாவை எடுத்து இரண்டு கைகளாலும் கொடுத்தாள். கொடுத்த பிறகும் விரல்களை ஒரு கணம் எடுக்கவில்லை.

"அடுத்த பார்சல் வர்ற வரைக்கும் இவனுக்கும் கணக்காத்தான் வச்சிருக்கேன். உங்களுக்கு வந்ததும் திருப்பிக் கொடுத்துடுங்க. சீலோட, லேபிளோட கொடுங்க."

அவன் தலையை மட்டும் ஆட்டினான். கிளம்பும்போது அந்தப் பையனின் படத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். ஏதோ ஒரு வீடு, அதற்குப் பக்கத்தில் வீட்டைவிடப் பெரிய நாய்.

திரும்பும் ரயிலில் இடம் கிடைத்தது. டப்பாவை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டான். விக்ரோலி தாண்டியதும் போன் அடித்தது. சாதியா அழவில்லை. அவள் அழாமல் பேசுவதுதான் அவனுக்குப் பயம்.

"வாசம் வந்துட்டு, உமைரா வாப்பா."

"என்ன சொல்லுத?"

"பாகு வாசம். துணி பூரா அடிக்கி. வாந்தியும் எடுத்துட்டா. கூப்பிட்டா முழிக்கா, மறுபடியும் கண்ணை மூடுதா. நான் ஆட்டோல ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கேன். நீங்க நேரா அங்க வாங்க. டப்பா கெடச்சிதா?"

"கெடச்சிட்டு. கையில இருக்கு."

"அதைத் தொறந்துராதிய. எதுவும் செஞ்சிராதிய. அப்படியே கொண்டுட்டு வாங்க."

போனை வைத்த பிறகு அவன் எதையும் பார்க்கவில்லை. காட்கோபர் வந்தது, போனது. உதடு மட்டும் துவாச் செய்துகொண்டிருந்தது. என்னிடமிருந்து எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள், அவளை விட்டுவிடு என்று திரும்பத் திரும்ப ஒரே கெஞ்சல். குர்லாவில் வண்டி நின்றபோது மடியில் என்னவோ உதிர்ந்து கிடந்தது. நீலக் காகிதத் துணுக்குகள்.

குனிந்து பார்த்தான். அவனுடைய கட்டைவிரல் நகம் டப்பா லேபிளின் ஓரத்துக்கு அடியில் புகுந்திருந்தது. ஒரு மூலை முழுவதும் சுரண்டி உரிந்து, கீழே வெள்ளைத் தகரம் தெரிந்தது. எப்போது தொடங்கினான் என்று அவனுக்கே தெரியாது. கை தன்பாட்டுக்குத் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது.

தீயைத் தொட்டதுபோலக் கையை இழுத்தான். எதிரே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உதிர்ந்த துணுக்குகளைப் பொறுக்கி மறுபடி ஒட்டவைக்கப் பார்த்தான். எச்சில் தொட்டு ஒட்டினான். ஒட்டவில்லை. வலது கையைத் தொடைக்கு அடியில் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டு, இடது கையால் மட்டும் டப்பாவைப் பிடித்தபடி சயான் வந்து சேர்ந்தான்.

ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டில் உமைரா கட்டிலில் கிடந்தாள். மூக்கில் குழாய். கையில் ஊசி. அவள் பக்கம் குனிந்தபோது அவனுக்கும் அந்த வாசம் அடித்தது. கல்யாண வீட்டில் பாகு காய்ச்சும்போது வருகிற வாசம். இத்தனை நாளும் சாதியா மட்டும்தான் அதைத் தேடித் தேடி முகர்ந்திருந்தாள். அவன் ஒரு நாளும் அந்தத் துணியைத் தொட்டதில்லை.

நர்ஸ் டப்பாவை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மராத்திக்காரி. உரிந்த மூலையில் அவள் விரல் நின்றது.

"யெ கிஸ்னே ஃபாடா?" என்றாள். யார் கிழித்தது?

காலாவதித் தேதி அந்த மூலையில்தான் அச்சாகியிருந்ததாம். அது இல்லாமல் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது, யாராவது மாற்றி ஒட்டியது என்றால் யார் பொறுப்பு என்று கேட்டாள். பெயர் தெரியக் கூடாது, தேதி தெரியக் கூடாது என்று எத்தனையோ சாமான்களைச் சுரண்டியவன், இப்போது ஒரு தேதிக்காக அவள் காலில் விழத் தயாராக நின்றான்.

"மைனே," என்றான். நான்தான்.

நர்ஸ் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு டப்பாவைக் கவிழ்த்தாள். அடித்தகரத்தில் கருப்பு மையில் அதே தேதி குத்தியிருந்தது. அடியைச் சுரண்ட அவனுக்கு நேரம் கிடைக்காமல் போனது ஆண்டவன் கருணை. அவள் மூடியிலிருந்த சீலையும் தடவிப் பார்த்தாள், இருமுறை எண்களைப் படித்தாள், டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகுதான் சீல் உடைந்தது. பவுடரை அளந்து கரைத்துக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள்.

"பொழச்சுக்குவாளா?" என்று சாதியா கேட்டாள்.

"ரத்தம் எடுத்திருக்கோம். இப்போ ஒண்ணும் சொல்ல முடியாது," என்றாள் டாக்டரம்மா. "வந்தீங்களே, அது நல்லது."

இருவரும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றார்கள். பவுடர் கலந்த வெள்ளைத் தண்ணீர் குழாயில் இறங்குவதைச் சாதியா கண்கொட்டாமல் பார்த்தாள். அவன் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தான். சாதியா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டில் கம்பியில் இருந்த அவன் வலது கையைப் பார்த்தாள். நக இடுக்கில் நீலக் காகிதம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

பிள்ளையின் துணிப்பையில் கைவிட்டுத் துழாவி, உமைராவுக்கு நகம் வெட்டுகிற சின்ன நகவெட்டியை எடுத்தாள். கட்டிலுக்கு மேலாக நீட்டினாள்.

அவன் வாங்கினான். பிள்ளைகளுக்கான நகவெட்டி, அந்தத் தடித்த நகத்துக்கு அது போதவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துக் கடித்து வெட்ட வேண்டியிருந்தது. வெட்டி முடித்ததும் துண்டை எங்கே போடுவதென்று தெரியாமல், உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு குழாயையே பார்த்து நின்றான்.